சிலுவை போட்ட சீட்டு

முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். இந்த ஊரில் எத்தனையோ பேர் பிறந்ததற்கு என் கையெழுத்துதான் சாட்சி. செத்ததற்கும் அதே கையெழுத்துதான். அத்தனை வருஷத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரைக்கூட நான் செத்தவர் என்று எழுதியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோரையும் வெறுப்பேற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளாத ஒரு வேலையில், ஒரு சாக்பீஸை வைத்து அந்தப் பெருமையை நானே துடைத்துப் போட்டேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. நாலு பத்திரிகை, இரண்டு பெஞ்சு, இஷ்டம் இருந்தால் சுற்றும் ஒரு மின்விசிறி. வாசல் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் தினமும் காலை ஆறு மணிக்கு நான் எழுதுவேன். உச்சியில் ஒரு ‘உ’, அதன் கீழே ‘இன்று’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு, அதற்கும் கீழே மூன்று பிரிவு: நிகழ்வு, பிறப்பு, இறப்பு. எந்த ராஜா எந்த ராஜாவை வென்றான், எந்த விஞ்ஞானி பிறந்தார், எந்தக் கவிஞர் மறைந்தார் என்று பால் வாங்க வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். பலகையின் அடியில் ‘பிழை இருந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதி என் போன் நம்பரையும் போட்டிருந்தேன். பணிவினால் அல்ல. யார் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்ற திமிர்தான்.

இந்த ஊரில் தேதி எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாடு முழுவதும் சுதந்திரத்தை ஒரே ராத்திரியில் வாங்கிக்கொண்டது. நாங்கள் தவணையில் வாங்கினோம். நாட்டுக்கு ஆகஸ்டு பதினைந்து. நாங்கள் பிரஞ்சுக்காரனிடமிருந்து கைமாறியது ஏழு வருஷம் கழித்து நவம்பர் ஒன்று. அது சட்டப்படி செல்லும் என்று ஆனது இன்னும் எட்டு வருஷம் கழித்து ஆகஸ்டு பதினாறு. இது போதாதென்று ஜூலை பதினாலு வந்தால், பாரீஸில் யாரோ ஒரு சிறைச்சாலையை உடைத்ததற்காக இங்கே பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு தேதியை விட்டுவிட்டால் போச்சு, அன்றைக்குப் படிப்பகத்தில் சண்டைதான். அதனால் நான் கறாராக இருந்தேன். உலகம் ஒப்புக்கொண்ட ஆட்கள், உலகம் ஒப்புக்கொண்ட தேதிகள். மற்றதெல்லாம் கிடையாது.

அந்தக் கறாரில் முதலில் அடிபட்டவர் டெலிபோன் அக்கா. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், பிரஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரீஸ் பக்கம் போய்விட்டான். தினமும் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வரும்போது பலகை முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிறகு, “இன்னைக்கி செத்தவங்கதான் ஜாஸ்தி,” என்றோ, “பரவால்ல, நாலு பேரு பொறந்திருக்காங்க,” என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார்.

ஒருநாள் நடக்காமல் நின்றார்.

“சார், எனக்கு வர்ற பொறந்த நாளுக்கு எழுவது ஆவுது. அன்னிக்கி என் பேரு ஒரு ஓரமா போடுவீங்களா?”

“அக்கா, இது உலக வரலாறு,” என்றேன்.

“உலகத்துலதான சார் நானும் இருக்கேன்?”

பதில் இல்லாதபோது அரசாங்க ஊழியன் விதியைச் சொல்லுவான். நானும் சொன்னேன். குறிப்பிடத்தக்க சாதனை இருக்க வேண்டும், ஆதாரம் இருக்க வேண்டும் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சாதனைக்கெல்லாம் நான் எங்க போறது. போர்டுல வந்தா யாராச்சும் போட்டோ புடிச்சு வாட்ஸப் குரூப்புல போடுவாங்க. அந்த குரூப்புல என் புள்ளையும் இருக்கான். பாத்தா ஞாபகம் வரும். போன வருஷம் மறந்துட்டான், அதுக்கு முந்தின வருஷமும் மறந்துட்டான். இன்னைக்கி எனக்குப் பொறந்த நாளுடான்னு பெத்தவளே போன் பண்ணி எப்பிடி சார் சொல்றது? அசிங்கமா இல்ல?”

ஆகஸ்டு வந்தால் பாரீஸில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வக்கான்ஸ் என்று லீவு போட்டுவிட்டு இங்கே வந்து குவிவார்கள். கடற்கரைச் சாலையில் பாதிக் கூட்டம் அவர்கள்தான். டெலிபோன் அக்காவின் மகன் கடைசியாக வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. தெருவுக்கே தெரிந்த சமாச்சாரம் இது, எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, “கமிட்டியில கேட்டுச் சொல்றேங்க்கா,” என்றேன். கமிட்டி என்பது நான்தான். பிறந்த நாள் என்றைக்கு என்றுகூட அவரிடம் கேட்கவில்லை. சரியான பெயர் என்ன என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கியவன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து கமிட்டியே கவிழ்ந்தது. எதிர் வரிசையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், மாலைப் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“தெனமும் எவனோ ரஷ்யாக்காரன் பொறந்தான், எவனோ ஜப்பான்காரன் செத்தான்னு எழுதறீங்க. நாலு தலமொறையா இதே தெருவுல கட வெச்சிருக்கோம். எங்க அத்தா மவுத்தான தேதிய ஒரு நாளு போட்டா உங்க சாக்பீஸு தேஞ்சிடுமா?”

பெஞ்சிலிருந்த எல்லோரும் கையைத் தூக்கினார்கள். எனக்கு ஆதரவாக மின்விசிறிகூடச் சுற்றவில்லை. அன்றிலிருந்து ‘நம் ஊரார்’ என்று பிறப்பிலும் இறப்பிலும் ஒரு வரி சேர்ந்தது. வாசலில் ஒரு தகரப் பெட்டியை மாட்டினேன். வேண்டியவர்கள் பெயரும் தேதியும் எழுதி உள்ளே போடலாம்.

சீட்டுகள் வந்து குவிந்தன. எல்லாச் சீட்டிலும் விஷயத்துக்கு முன்னால் சாமி வந்துவிடும். எங்கள் ஆட்கள் சீட்டில் ‘உ’ இருக்கும். பாய் வீட்டுச் சீட்டில் 786. கிறிஸ்தவர்கள் எழுதினால் ஒரு சின்னச் சிலுவை. அவற்றைப் பிரித்து வைக்க வீட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் டின் கொண்டுவந்து ஒன்றில் ‘பிறப்பு’, இன்னொன்றில் ‘இறப்பு’ என்று பேப்பர் ஒட்டினேன். ஆபீசில் இருந்தது போலவே இரண்டு பதிவேடு. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பத்து வயது குறைந்தது மாதிரி இருந்தது.

ஒருநாள் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. முத்து முத்தான கையெழுத்து. மூன்று புனிதர்களைக் கோத்து வைத்த நீளமான ஒரு ஞானஸ்நானப் பெயர். கீழே ‘முத்தியால்பேட்டை, ஆகஸ்டு 16’. வருஷம் இல்லை, பிறப்பா இறப்பா என்றும் இல்லை. தேதிக்குப் பக்கத்திலேயே ஒரு சிலுவை. படிப்பகத்து வெளிநாட்டுக் கலைக்களஞ்சியத்தில் யார் பெயரை எடுத்தாலும் பிறந்த வருஷத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருக்கும், இறந்த வருஷத்துக்கு முன்னால் சிலுவை இருக்கும். கிறிஸ்தவர்கள் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலியிலும் அப்படித்தான். நாலு வருஷமாக அதையே பார்த்துக் காப்பியடித்து எழுதிய கண் எனக்கு. யாரோ புண்ணியவதி போய்ச் சேர்ந்த நாள் என்று நினைத்தேன். சீட்டை இறப்பு டின்னில் போட்டு மூடினேன். இப்படி ஒருவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த ஆகஸ்டு பதினாறு, ஆடி ஐந்தாம் வெள்ளியாக வந்து சேர்ந்தது. அன்றைக்கு வீராம்பட்டினத்தில் தேர். பிரஞ்சுக்காரன் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர். சட்டப்படி கைமாறிய நாள் என்று ஊருக்கு லீவு வேறு. ஐந்தரை மணிக்கே என் வீட்டுக்காரி வாசலில் நின்று, “தேரு உங்களுக்காக நிக்குமா? கவர்னருக்கே நிக்காது,” என்று கத்த ஆரம்பித்தாள். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுப் போய்ப் பலகையை எழுதினேன். நிகழ்வில் சட்டப்படி கைமாறியது. பிறப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரர். இறப்பில் நம் ஊரார்: அந்த நீளமான பெயர், அம்மையார், முத்தியால்பேட்டை. வழக்கமாக எந்த வருஷம் என்று எழுதுவேன். சீட்டில் இல்லாததால் விட்டுவிட்டேன். மேலே கொட்டை எழுத்தில் ‘இன்று’ என்று இருக்கிறது, கீழே வருஷம் இல்லாமல் ஒரு பெயர் இருக்கிறது, படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேர் நன்றாக இருந்தது. மேளச் சத்தத்தில் சட்டைப் பையில் போன் அடித்ததே தெரியவில்லை. திரும்பி வரும்போது எடுத்துப் பார்த்தால், தெரியாத நம்பர்களிலிருந்து வரிசையாக அழைப்புகள். பிழை கண்டுபிடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்காரியை இறக்கிவிட்டுப் படிப்பகத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை.

தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் தேருக்குப் போயிருந்தார்கள். பலகைக்குக் கீழே பெஞ்சில் டெலிபோன் அக்கா உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். மடியில் ஒரு கேக் பெட்டி.

“சார்,” என்றார் நிதானமாக, “நான் எப்ப செத்தேன்?”

பலகையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடி பலகையைப் பார்த்தேன்.

“நீங்களா அது? உங்க பேரு இதாக்கா?”

“ஞானஸ்நானத்துல வெச்ச பேரு. எழுவது வருஷமா யாரும் முழுசா கூப்பிட்டதில்ல. போர்டுலயாவது முழுசா இருக்கட்டும்னு எழுதினேன்.”

“சிலுவ போட்டிருந்தீங்களே!”

“எந்தக் காயிதம் எழுதனாலும் போடுவேன். நீங்க ‘உ’ போடல?” என்று பலகையின் உச்சியைக் காட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். “இருங்க சார், அழிக்காதீங்க,” என்று தடுத்தார். போனைத் திறந்து காட்டினார். யாரோ பலகையைப் படம் பிடித்து, பாரீஸிலும் இங்கேயும் இருக்கிறவர்கள் சேர்ந்த அந்த குரூப்பில் காலை ஏழு மணிக்கே போட்டிருந்தார்கள். கீழே கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள், ஆழ்ந்த இரங்கல், ஆன்மா இளைப்பாறட்டும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

“தெனமும் இதுல குட் மார்னிங் போடறேன். ஒருத்தரு பதில் போட்டதில்ல. இன்னைக்கிப் பாருங்க.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலையிலருந்து எனக்கு வாழ்த்து சொன்னது ஒருத்திதான். வைத்திக்குப்பத்து மீன்காரம்மா. பட்டு கட்டிக்கினு கீறியே என்னா விசேஷம்னு கேட்டா. பாவம், அவளுக்குப் படிக்கத் தெரியாது.”

“மன்னிச்சிடுங்கக்கா. இதோ குரூப்புல தப்புன்னு போடச் சொல்லிடறேன்.”

“ஒரு மணி வரைக்கும் பொறுங்க,” என்றார். “அங்க இப்பதான் ஒம்பது மணி. லீவுல லேட்டாதான் எழுந்திருப்பான். இந்த வருஷம் வக்கான்ஸுக்கு ஸ்பெயினு கடலு.”

அவர் கணக்கு தப்பவில்லை. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் மகனின் படம். எத்தனையோ வருஷம் அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்த பெண்மணி, தன் பிள்ளையின் அழைப்பை முழுசாக அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

“எடுங்கக்கா, பயந்துடுவாரு.”

“எடுத்தா உயிரோட இருக்கறது தெரிஞ்சிடுமே சார்.”

அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. அதற்குள் என் போன் அடித்தது. பலகையில் இருந்த நம்பருக்குத்தான்.

“சார், அந்த போர்டு எழுதறவருங்களா?” என்றது ஒரு குரல். “அது எங்க அம்மா சார். எத்தன மணிக்கு ஆச்சி? என்னா ஆச்சி? யாருமே எனக்குச் சொல்லல சார்.” சத்தமாக அழுதான். “சார், நான் வர்றேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருப்பீங்களா? நான் வந்துட்றேன் சார். மொகத்தப் பாக்கணும்.”

வாசலில் வேறு சத்தமே இல்லை. அவன் அழுதது அக்காவுக்கும் கேட்டது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். “வெப்போம்னு சொல்லுங்க.”

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பிள்ளை இந்தத் தெருவில் வந்து இறங்கியிருப்பான். கோபித்திருப்பான், கத்தியிருப்பான், என்னை அடிக்கக்கூட வந்திருப்பான். ஆனால் வந்திருப்பான். காலை ஐந்தரை மணிக்கு வந்திருக்க வேண்டிய என் நேர்மை, எங்கே போயிருந்ததோ, சரியாக அந்த நிமிஷம் பார்த்து வந்து சேர்ந்தது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் என்று இரண்டாவது தடவை சொல்ல விடவில்லை.

“தம்பி, அழாதீங்க. அம்மா நல்லாருக்காங்க. என் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காங்க. தப்பு என்னோடது. பிறப்புல எழுத வேண்டியத இறப்புல எழுதிட்டேன்.” ‘பிறப்புல’ என்பதை அழுத்திச் சொன்னேன். போதாது என்று பட்டது. “பிறப்புல, தம்பி. இன்னைக்கித் தேதிக்கு, பிறப்புல,” என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சிரிப்பில் நிஜமான பாசம் இருந்தது.

“ஐயோ, பரவால்ல சார். மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். உயிரே போயிட்டு வந்திச்சி. நல்லவேள, டிக்கெட்டு பாத்துக்கினு இருந்தேன், இன்னும் எடுக்கல. அம்மாகிட்ட குடுங்க சார்.”

போனை அக்காவிடம் கொடுத்தேன். நான் எட்டப் போய் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஏன் போன் எடுக்கவில்லை என்று திட்டினான். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டான். குழந்தைகள் கடலில் விளையாடுவதைச் சொன்னான். அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்றான். அக்கா எல்லாவற்றுக்கும் “சரிப்பா, சரிப்பா” என்றார். ஒவ்வொரு சரிப்பாவுக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிற நிறுத்தல் அது. எனக்கு அதைக் கேட்க முடியவில்லை. டேய், இன்றைக்கு என்ன தேதிடா, காலண்டரைப் பாருடா என்று பிடுங்கிக் கத்தலாம் போல இருந்தது.

“ஒடம்பப் பாத்துக்கோம்மா. வெக்கிறேன்,” என்றான். வைத்துவிட்டான்.

அக்கா திரையில் எத்தனை நேரம் பேசினான் என்று பார்த்தார். பழைய டிரங்க் காலில் ஆபரேட்டர்கள் குறுக்கே வந்து சொல்வார்களே, அதே குரலில், “த்ரீ மினிட்ஸ் ஓவர்,” என்றார். என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கப் பலகைப் பக்கம் திரும்பி, இறப்பில் இருந்த பெயரை அழித்தேன். பிறப்பில் அந்த வெள்ளைக்காரரைத் துடைத்துவிட்டு, மூன்று புனிதர்களையும் ஒருவர் விடாமல் எழுதினேன். பாய் தேர்க்கூட்டத்தில் சிக்கி அப்போதுதான் வந்து சேர்ந்தார். பலகையைப் படித்துவிட்டு, “அட, நம்ம டெலிபோனக்காவா! ரொம்ப சந்தோஷம்க்கா,” என்று கேக்கை வாங்கிச் சாப்பிட்டார். புதுப் பலகையைப் படம் பிடித்து அவரே குரூப்பில் போட்டார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தோம். தப்பான செய்தி போட்டவரைக் கண்டித்து நாலு பேர் எழுதியிருந்தார்கள். வாழ்த்து இரண்டு வந்திருந்தது. அதில் ஒன்று பாயுடையது.

அக்கா கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து, பெஞ்சில் வைத்து எழுதினார். மேலே சிலுவை. கீழே அதே நீளப் பெயர், அதே தேதி. அடுத்த வருஷத்துக்கு என்று என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை நான் புத்திசாலி. முதலிலேயே கேட்டுவிட்டேன்.

“அக்கா, இத எந்த டின்னுல போடட்டும்?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“அவன் எதுக்கு வருவானோ, அதுல போடுங்க சார்.”